49-இல் 6: மொத்தம் எத்தனை செட், எப்படி உருவாக்குவது, என் நிரலில் அடுத்தடுத்த எண்கள் ஏன் இவ்வளவு வருகின்றன?

புதுநிரலன்

வணக்கம் நண்பர்களே. 1 முதல் 49 வரையுள்ள எண்களில் 6 எண்களைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரி ஆட்டத்துக்கு செட்டுகளை உருவாக்கித் தரும் ஒரு நிரலை மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பைத்தான் பழகுவதற்காக ஆரம்பித்தது, இப்போது இராத்திரி கண்ணை மூடினாலும் எண்கள்தான் ஓடுகின்றன. நாலு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

மொத்தம் எத்தனை செட் என்பதிலேயே எனக்குக் குழப்பம். முதல் எண்ணுக்கு 49 வாய்ப்பு, அடுத்ததற்கு 48, அப்படியே 44 வரை பெருக்கினால் 1,006 கோடியே 83 லட்சத்துச் சொச்சம் வருகிறது. எக்செல்லில் காம்பின் ஃபங்ஷன் போட்டால் 1,39,83,816 என்று காட்டுகிறது. எது சரி, ஏன்?

எல்லா செட்டையும் எக்செல்லில் கொட்டி வைத்துக்கொண்டு அதிலிருந்து வடிகட்டலாம் என்று பார்த்தேன். 10,48,576-ஆவது வரிசையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இடமில்லையாம்.

அதை விட்டுவிட்டு ரேண்டமாக 5,000 செட் உருவாக்கினேன். அதில் 3,152 செட்டுகளில் 14, 15 மாதிரி அடுத்தடுத்த எண்கள் ஒரு ஜோடியாவது இருக்கின்றன. நூற்றுக்கு 63! இரண்டு செட் அச்சு அசலாக ஒரே மாதிரியும் வந்துவிட்டது. லாட்டரி எண்களில் ஏதோ ஒரு ஒழுங்கு ஒளிந்திருக்கிறதா, அல்லது நிரலில் கோளாறா?

கடைசியாக ஒன்று. எனக்குப் பிடித்த 10 எண்கள் இருக்கின்றன. அந்தப் பத்துக்குள் வரக்கூடிய எல்லா செட்டையும் எடுத்தால் பரிசு விழ வாய்ப்பு கூடுமா?

நெடுங்கணக்கு

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு எண்ணும் சரிதான், ஆனால் அவை வேறு வேறு கேள்விக்கான விடைகள். நீங்கள் பெருக்கிக் கண்டுபிடித்தது 10,06,83,47,520 வரிசைகள், அதாவது எந்தப் பந்து முதலில் விழுந்தது, எது இரண்டாவது என்ற ஒழுங்கையும் சேர்த்து எண்ணியது. பரிசு பார்க்கும்போது ஒழுங்கை யாரும் பார்ப்பதில்லை. ஒரே ஆறு எண்களை 6×5×4×3×2×1 = 720 விதமாக வரிசைப்படுத்தலாம், அந்த 720-உம் ஒரே சீட்டுதான். ஆகவே 720-ஆல் வகுத்துவிடுங்கள், 1,39,83,816 வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் வரிசை மாற்றம், சேர்வு என்று இரண்டு பாடம் படித்திருப்போமே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு வகுத்தல்தான்.

இதே முறையில் எத்தனை எண் பொருந்தும் என்பதையும் எண்ணிவிடலாம். சரியாக 3 பொருந்த வேண்டுமானால், குலுக்கலில் வந்த 6-இல் 3-ஐ எடுக்க 20 வழி, வராத 43-இல் 3-ஐ எடுக்க 12,341 வழி, பெருக்கினால் 2,46,820 செட்டுகள். அதாவது ஏறத்தாழ 57 சீட்டில் ஒன்று. 4 பொருந்துபவை 13,545, அதாவது 1,032-இல் ஒன்று. 5 பொருந்துபவை வெறும் 258. ஒன்றுகூடப் பொருந்தாதவை 60,96,454. பொருந்தாதது முதல் ஆறும் பொருந்துவது வரை எல்லாவற்றையும் கூட்டினால் மறுபடி 1,39,83,816 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. இந்தச் சரிபார்ப்பை நிரலிலேயே எழுதி வைத்துவிடுங்கள், பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும்.

இப்போது அந்த அடுத்தடுத்த எண்கள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கணித மேதை ஆய்லர் உட்கார்ந்து யோசித்த கேள்வி இது. பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1749-இல் அவரிடம் ஜெனோவா லாட்டரியைப் பற்றிக் கருத்துக் கேட்டார், 90-இல் 5 எடுக்கும் ஆட்டம் அது. பின்னாளில் அதில் அடுத்தடுத்த எண்கள் விழும் நிகழ்தகவை வைத்து ஆய்லர் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார்.

கணக்கு சின்னதுதான். அடுத்தடுத்த எண்களே இல்லாத ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 3, 9, 17, 22, 30, 41. ஏறுவரிசையில் முதல் எண்ணிலிருந்து 0, இரண்டாவதிலிருந்து 1, மூன்றாவதிலிருந்து 2 என்று கடைசி எண்ணிலிருந்து 5 வரை கழியுங்கள். 3, 8, 15, 19, 26, 36 கிடைக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் குறைந்தது 2 இடைவெளி இருந்ததால் கழித்த பிறகும் எல்லாம் வேறு வேறாகவே இருக்கும், கடைசி எண் 44-ஐத் தாண்டாது. திரும்பக் கூட்டினால் பழைய செட் வந்துவிடும். ஆக அடுத்தடுத்த எண் இல்லாத செட்டுகள் எத்தனை என்ற கேள்வி, 44-இல் 6 எடுக்க எத்தனை வழி என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. விடை 70,59,052. மொத்தத்தில் இது 50.5 சதவீதம். அப்படியானால் ஒரு ஜோடியாவது அடுத்தடுத்து வருபவை 49.5 சதவீதம். கிட்டத்தட்டப் பாதி! பலர் இதை நம்பவே மாட்டார்கள்.

ஆனால் உங்களுக்கு வந்தது 63. ஐயாயிரம் செட் எடுத்தால் 2,475-ஐ ஒட்டித்தான் வர வேண்டும், நூறு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, 3,152 என்பதைத் தற்செயல் என்று சொல்லவே முடியாது. நிரலில்தான் கோளாறு. ஒரு செட்டை எப்படி எடுக்கிறீர்கள் என்று வரி வரியாகச் சொல்லுங்கள்.

புதுநிரலன்

மிக்க நன்றி. கழித்துப் பார்க்கும் அந்த வழியைத் தாளில் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது தடவைதான் முழுதாகப் புரிந்தது.

என் நிரல் செய்வது இதுதான்: 1 முதல் 49 வரை ஒரு ரேண்டம் எண், பட்டியலில் சேர்ப்பேன். அடுத்த ரேண்டம் எண். அது ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் அதோடு 1 கூட்டிக்கொள்வேன், அதுவும் இருந்தால் இன்னொரு 1, 49-ஐத் தாண்டினால் திரும்ப 1-க்குப் போய்விடும். ஆறு சேர்ந்ததும் நிறுத்திவிடுவேன். திரும்பத் திரும்ப ரேண்டம் கேட்டுக்கொண்டிருப்பது வீண் என்று நினைத்து அப்படி எழுதினேன்.

இரவுப்பறவை

அங்கேதான் இருக்கிறது! அந்த 1 கூட்டுகிற வரிதான் குற்றவாளி. ஒரு எண் இரண்டாம் முறை வந்ததும் அதன் பக்கத்து எண்ணை நீங்களே கொண்டுவந்து உட்கார வைக்கிறீர்கள், அப்புறம் அடுத்தடுத்த எண்கள் வராமல் என்ன செய்யும்.

எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு தடவை தனித்தனியாக 49-இல் ஒன்றை எடுத்தால், ஒன்றுகூடத் திரும்ப வராமல் இருக்க வாய்ப்பு 72.7 சதவீதம் (நீங்கள் பெருக்கிய அந்த 1,006 கோடியை 49-இன் ஆறாம் அடுக்கால் வகுத்தால் போதும்). மீதி 27.3 சதவீதத்தில் உங்கள் வரி வேலை செய்கிறது, செய்தால் அநேகமாக நிச்சயமாக ஒரு ஜோடி உருவாகிவிடும். திரும்ப வராத 72.7-இல் நெடுங்கணக்கு சொன்னபடி 49.5 சதவீதத்தில் இயல்பாகவே ஜோடி இருக்கும், அது 36. இரண்டையும் கூட்டினால் 63. உங்களுக்கு வந்த எண் அப்படியே. எனக்கு இந்த மாதிரி கோளாறுகளைப் பிடிக்கும்போது வருகிற நிம்மதி வேறு எதிலும் வராது.

திருத்துவது சுலபம். பைத்தானில் ரேண்டம் மாட்யூலில் சாம்பிள் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, 49-இல் 6 என்று கேட்டால் திரும்ப வராமல் கொடுத்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டுமானால் நீங்களே எழுதுங்கள்: 49 எண்களையும் ஒரு பட்டியலில் வையுங்கள், 1 முதல் 49 வரையுள்ள இடங்களில் ஒன்றைத் தற்செயலாக எடுத்து அதிலிருப்பதை முதல் இடத்தோடு மாற்றுங்கள், அப்புறம் 2 முதல் 49 வரையுள்ள இடங்களில் ஒன்றை எடுத்து இரண்டாம் இடத்தோடு மாற்றுங்கள், இப்படி ஆறு தடவை. ஃபிஷர்–யேட்ஸ் கலக்கல் என்பார்கள். எதையும் தூக்கிப் போட வேண்டாம், 1 கூட்டவும் வேண்டாம்.

இரண்டு செட் ஒரே மாதிரி வந்தது இயல்புதான். பிறந்தநாள் புதிர் தெரியும் அல்லவா, 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்பது. அதே கதைதான். 1.39 கோடி செட் இருந்தாலும் சுமார் 4,400 செட் எடுத்தாலே எங்காவது ஒரு இரட்டை இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடுகிறது. 5,000 என்றால் 59 சதவீதம். கோளாறே இல்லாத நிரலிலும் இது வரும். வேண்டாம் என்றால் எடுத்ததை எல்லாம் நினைவில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இனி எக்செல் விஷயம். எல்லா செட்டையும் எழுதி வைக்கத் தேவையே இல்லை, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு வரிசை எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,2,3,4,5,6 என்பது முதல் செட், 44,45,46,47,48,49 என்பது 1,39,83,816-ஆவது செட். வரிசை எண்ணைச் சொன்னால் அந்த செட்டை நேரடியாகக் கணக்கிட்டுவிடலாம், ஃபைலே வேண்டாம்.

உதாரணத்துக்கு 50,00,000-ஆவது செட் எது? 1-இல் தொடங்கும் செட்டுகள், மீதி 48-இல் 5 எடுக்கும் வழிகள், 17,12,304. 2-இல் தொடங்குபவை 15,33,939. 3-இல் தொடங்குபவை 13,70,754. இந்த மூன்றையும் கூட்டினால் 46,16,997, இன்னும் 50 லட்சம் வரவில்லை. 4-இல் தொடங்குபவை 12,21,759, அவற்றைச் சேர்த்தால் தாண்டிவிடும். ஆக முதல் எண் 4, அதற்குள் நாம் தேடுவது 3,83,003-ஆவது. இரண்டாம் எண் 5 என்றால் 1,35,751 செட், 6 என்றால் 1,23,410, 7 என்றால் 1,11,930. இவற்றைக் கழித்தால் 11,912 மிச்சம், 8 என்றால் 1,01,270 இருக்கின்றன, அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாம் எண் 8. மூன்றாம் எண் 9 என்றால் 9,880, கழித்தால் 2,032, 10-க்குள் அடங்கும். நான்காவதில் 11-க்கு 703, 12-க்கு 666, 13-க்கு 630 கழித்தால் 33 மிச்சம், ஆக 14. ஐந்தாம் எண் 15 என்றால் ஆறாவதற்கு 16 முதல் 49 வரை 34 வாய்ப்பு, அதில் 33-ஆவது 48. விடை: 4, 8, 10, 14, 15, 48. கையால் போட்டேன், நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அப்புறம் நிரல் எழுதுவது பத்து வரிதான்.

இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ரேண்டம் செட் வேண்டுமா, 1 முதல் 1,39,83,816 வரை ஒரு எண்ணை எடுத்து செட்டாக மாற்றுங்கள். இரட்டை வராமல் பார்க்க வேண்டுமா, ஒரு செட்டுக்கு ஒரு பிட் (எடுத்தாயிற்றா இல்லையா என்ற 1 அல்லது 0) போதும், மொத்தம் 17,47,977 பைட், இரண்டு மெகாபைட்கூட இல்லை. எழுத்தாக ஃபைலில் எழுதினால் ஒரு செட்டுக்கு 18 பைட் வீதம் 25 கோடி பைட் ஆகும்.

இன்னொரு எச்சரிக்கை. சிலர் ரேண்டம் பைட்டை (0 முதல் 255) எடுத்து 49-ஆல் வகுத்து மீதியைப் பயன்படுத்துகிறார்கள். 256-ஐ 49-ஆல் வகுத்தால் 11 மீதி, அதனால் முதல் 11 எண்கள் மற்றவற்றைவிட 20 சதவீதம் அதிகமாக வரும். 245-உம் அதற்கு மேலும் வந்தால் தள்ளிவிட்டு வேறு பைட் எடுக்க வேண்டும். நேரத்தை வினாடியில் எடுத்து அதையே விதையாக (ரேண்டம் எண்கள் கிளம்பும் தொடக்க எண்ணாக) போடுவதும் தப்பு, ஒரு நாளில் 86,400 வினாடிதான், அவ்வளவு செட்டுகள்தான் அன்றைக்கு வர முடியும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் லாட்டரி சங்கம் ஒன்றில் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த எட்டி டிப்டன், குலுக்கல் எண்களை உருவாக்கும் நிரலில், வருடத்தின் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் எண்களை முன்கூட்டியே ஊகிக்கும்படி சில வரிகளை எழுதி வைத்திருந்தார். 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

மூன்றாம்பிறை

எல்லாம் சரி, ஆனால் வடிகட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் பல வருடமாகக் குலுக்கல் முடிவுகளை நோட்டில் குறித்து வருகிறேன். மூன்று ஒற்றை, மூன்று இரட்டை என்ற செட்தான் அதிகம் வருகிறது. ஆறு எண்ணையும் கூட்டினால் 150-ஐ ஒட்டியே வருகிறது. இது என் கண்ணால் பார்த்தது. ஆகவே புதுநிரலன் அந்த மாதிரி செட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டால் வாய்ப்பு கூடும் என்பது என் கருத்து. போன வாரம் வந்த செட்டையும் தள்ளிவிடலாம், அது மறுபடி வரப் போவதில்லை.

நெடுங்கணக்கு

நீங்கள் பார்த்தது உண்மை, ஐயா. நோட்டில் எழுதி வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு, அதனால் மரியாதையோடு சொல்கிறேன், முடிவில்தான் பிசகு.

49-க்குள் ஒற்றை 25, இரட்டை 24. மூன்று ஒற்றை எடுக்க 2,300 வழி, மூன்று இரட்டை எடுக்க 2,024 வழி, பெருக்கினால் 46,55,200 செட்டுகள். மொத்தத்தில் 33.3 சதவீதம். ஆகவே நூறு குலுக்கலில் முப்பத்து மூன்று அப்படி வருவது நியாயம், உங்கள் நோட்டிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அந்த 33 வாய்ப்பையும் 46 லட்சம் செட்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாம் ஒற்றையாக உள்ள செட்டுகள் 1,77,100 தான், அவை அரிதாக வருகின்றன, ஆனால் பங்கு கேட்பவையும் அவ்வளவு பேர்தான். நீங்கள் கையில் பிடித்திருக்கும் ஒரு சீட்டு என்று பார்த்தால் இரண்டு பக்கமும் 1,39,83,816-இல் ஒன்று. கூட்டுத்தொகையும் இதே மாதிரி: 21 வருவதற்கு 1,2,3,4,5,6 என்ற ஒரே செட், 150 வருவதற்கு ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான செட்டுகள். 150 அடிக்கடி வருகிறது, அந்த ஒன்றரை லட்சத்தில் உங்கள் செட் எது என்பதுதான் கேள்வி.

போன வாரத்து செட் மறுபடி வராது என்று சொல்ல முடியாது. பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6-ஆம் தேதி 4, 15, 23, 24, 35, 42 வந்தன. நாலு நாள் கழித்து 10-ஆம் தேதி அதே ஆறு எண்களும் மறுபடி வந்தன. பந்துகளுக்கு நினைவில்லை.

வடிகட்டுவதில் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், பயன் வேறு இடத்தில் இருக்கிறது. பரிசு விழுந்தால் எத்தனை பேரோடு பங்கு போடுகிறோம் என்பதில். பிறந்த தேதியை வைத்து எழுதுபவர்கள் 31-க்குள்ளேயே நிற்பார்கள். 31-க்குள் அடங்கும் செட்டுகள் 7,36,281, மொத்தத்தில் 5.3 சதவீதம்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பலர். 2020 டிசம்பர் 1-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் பவர்பால் குலுக்கலில் 5, 6, 7, 8, 9 விழுந்தன, தனியாக எடுக்கும் பவர்பால் எண் 10. யாருமே எழுத மாட்டார்கள் என்று நினைப்போம், 20 பேர் எழுதியிருந்தார்கள், பரிசு இருபதாகப் பிரிந்தது. ஆகவே வடிகட்ட வேண்டுமானால் மற்றவர்கள் எழுதுகிற அழகான வரிசைகளைத் தள்ளுங்கள். விழும் வாய்ப்பு கூடாது, விழுந்தால் பங்கு கேட்பவர்கள் குறைவாக இருப்பார்கள்.

தாழ்வாரம்

பிடித்த 10 எண்கள் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதில்தான் நான் ரொம்ப நாள் செலவழித்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பத்துக்குள் ஆறு எடுக்க 210 செட். இதை முழுச் சக்கரம் என்பார்கள். ஆறும் விழ வாய்ப்பு 1,39,83,816-ஐ 210-ஆல் வகுத்தால் வருவது, 66,590-இல் ஒன்று. நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வேறு வேறான எந்த 210 செட்டை எடுத்தாலும் இதே 66,590-தான்.

வித்தியாசம் சின்னப் பரிசுகளில் இருக்கிறது. 3 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் பரிசு என்று வைத்துக்கொள்வோம். முழுச் சக்கரத்தில் ஏதாவது விழ, உங்கள் பத்தில் குறைந்தது மூன்று குலுக்கலில் வந்தாக வேண்டும். அதற்கு 12,62,328 குலுக்கல்கள் ஒத்துவரும், மொத்தத்தில் 9 சதவீதம். நூற்றுக்கு 91 தடவை 210 சீட்டும் குப்பைக்குப் போகும். விழுந்தால் கொத்தாக விழும்: மூன்று வந்தால் 35 சீட்டில் மூன்று பொருந்தும், நாலு வந்தால் 15 சீட்டில் நாலும் 80 சீட்டில் மூன்றும் பொருந்தும்.

இப்போது அதே 210 சீட்டை 49 எண்களிலும் ரேண்டமாகப் பரப்பி எடுங்கள். ஒரு சீட்டில் 3 அல்லது மேல் பொருந்த வாய்ப்பு 1.86 சதவீதம். 210-இல் ஒன்றிலாவது பொருந்த வாய்ப்பு 98 சதவீதம்! ஆனால் கொத்தாக வராது, மூன்று நாலு சீட்டுகளில்தான் இருக்கும். சராசரியாகப் பொருந்தும் சீட்டுகள் இரண்டு வழியிலும் 3.91 தான், கொஞ்சமும் மாறவில்லை. ஒரே கூலியை எப்போதாவது மொத்தமாக வாங்குவதா, அடிக்கடி சில்லறையாக வாங்குவதா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நான் முதலில் இந்த 9-ஐயும் 98-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நாலு தடவை திரும்பப் போட்டேன்.

பரப்புவதை ரேண்டமாக விடாமல் திட்டமிட்டும் செய்யலாம், அங்கேதான் அழகு. இரண்டு எண்ணாவது பொருந்தும் என்று நிச்சயப்படுத்த எத்தனை சீட்டு வேண்டும்? 49-இல் 6 ஆட்டத்துக்கு 19 போதும். எண்களை 14, 9, 9, 9, 8 என்று ஐந்து கூட்டமாகப் பிரியுங்கள். குலுக்கலில் விழுவது ஆறு, கூட்டம் ஐந்து, ஆகவே ஏதோ ஒரு கூட்டத்தில் குறைந்தது இரண்டு விழுந்தே தீரும். ஒவ்வொரு கூட்டத்திலும் எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் ஒரு சீட்டில் சேர்ந்திருக்கும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது.

9 பேர் கூட்டத்தை மூன்று மூன்றாகப் பிரித்தால் (க, ங, ச), கங, கச, ஙச என்று மூன்று சீட்டு. 8 பேர் கூட்டத்துக்கும் மூன்று, ஒரு இடம் காலியாக மிஞ்சும், அதில் எந்த எண்ணையும் போடலாம். 14 பேர் கூட்டத்தை இரண்டிரண்டாக ஏழு ஜோடியாக்குங்கள், ஜோடிகளுக்கு 1 முதல் 7 வரை பெயர் வையுங்கள். சீட்டுகள்: 123, 145, 167, 246, 257, 347, 356. இது ஃபானோ தளம், ஏழு புள்ளி, ஏழு கோடு, எந்த இரண்டு புள்ளியும் ஒரே ஒரு கோட்டில் சேரும். ஏழு கோடு, ஏழு சீட்டு. ஆக 7+3+3+3+3 = 19.

பிரிட்டனின் லாட்டரி 2015-இல் 59 எண்ணுக்கு மாறியது, 4,50,57,474 செட். அதற்கு 27 சீட்டு போதும், அதைவிடக் குறைவாக முடியாது என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் குஷிங், டேவிட் ஸ்டூவர்ட் இருவரும் 2023-இல் காட்டினார்கள். இதே உத்திதான்: 14, 14, 14, 9, 8 என்று பிரித்தால் 7+7+7+3+3. இரண்டு எண் பொருந்தினால் கிடைப்பது 27 சீட்டின் விலையை ஈடுகட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நெடுங்கணக்கு சொன்ன 70,59,052-ஐப் பார்த்ததும் எனக்கு ஸ்டீஃபன் மண்டேல் நினைவு வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா லாட்டரி அப்போது 44-இல் 6, அதே எண். ஒரு சீட்டு 1 டாலர், பரிசு 2 கோடியே 70 லட்சம் டாலர் அளவுக்குச் சேர்ந்திருந்தது. 1992 பிப்ரவரியில் மண்டேலின் கூட்டு எல்லா செட்டையும் வாங்கக் கிளம்பி, நேரம் போதாமல் சுமார் 50 லட்சத்தோடு நின்றது. வாங்கியதில் பரிசு செட் இருந்தது. அவர்களுக்கும் செட்டுகளை உருவாக்குவது பெரிய பாடாக இல்லை, அவற்றைச் சீட்டாக்குவதுதான் பாடு. 49-இல் 6-க்கு வினாடிக்கு ஒரு சீட்டு வீதம் இடைவிடாமல் அடித்தால் 162 நாள் ஆகும்.

மூன்றாம்பிறை

நெடுங்கணக்கு ஐயாவுக்கு நன்றி. நோட்டை எடுத்து 3-3 செட்டுகளை எண்ணிப் பார்த்தேன், கடைசி 300 குலுக்கலில் 104. நீங்கள் சொன்ன மூன்றில் ஒரு பங்குதான். எழுதுவதை நிறுத்தப் போவதில்லை, ஆனால் வடிகட்டுவதை 31-க்கு மேல் இரண்டு எண்ணாவது இருக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்கிறேன்.

புதுநிரலன்

நேற்று இரவு முழுக்க இதுதான். 1 கூட்டுகிற வரியைத் தூக்கிவிட்டேன், சாம்பிள் ஃபங்ஷனும் பயன்படுத்தவில்லை, இரவுப்பறவை சொன்ன வரிசை எண் முறையையே எழுதினேன். 50,00,000 கொடுத்தால் 4, 8, 10, 14, 15, 48 வருகிறது. 1 கொடுத்தால் முதல் செட், 1,39,83,816 கொடுத்தால் 44 முதல் 49 வரை. செட்டைக் கொடுத்தால் வரிசை எண்ணைச் சொல்லும் எதிர்த் திசை நிரலையும் எழுதி, ஒரு லட்சம் ரேண்டம் எண்களைப் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

5,000 செட் மறுபடி எடுத்தேன். அடுத்தடுத்த எண்கள் உள்ளவை 2,491.

பத்து எண்களை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன். தாழ்வாரம் சொன்ன 19 சீட்டு அமைப்பைப் போட்டு, அதை 1.39 கோடி செட்டுகளோடும் ஒவ்வொன்றாக ஒப்பிடும் சோதனை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி தாண்டிவிட்டது, இதுவரை ஒவ்வொரு செட்டுக்கும் ஏதோ ஒரு சீட்டில் இரண்டு எண்ணாவது பொருந்திவிட்டது. முடிந்ததும் நிரலை இங்கேயே போடுகிறேன். மூன்று எண் நிச்சயமாகப் பொருந்த வேண்டுமானால் கூட்டத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கிறேன், இரண்டு கூட்டமாகப் பிரித்தால் ஆறில் மூன்று ஏதோ ஒன்றில் விழுந்தாக வேண்டும் இல்லையா, அந்தக் கூட்டத்துக்குள் எந்த மூன்றும் ஒரு சீட்டில் சேர வேண்டும். ஃபானோ மாதிரி மூன்றுக்கு என்ன இருக்கிறது?

தாழ்வாரம்

சரியான வழியில் போகிறீர்கள். ஸ்டைனர் அமைப்புகள் என்று தேடுங்கள். 22 எண்களுக்கு 77 சீட்டில் எந்த மூன்றும் சரியாக ஒரே ஒரு சீட்டில் சேரும்படி ஒன்று இருக்கிறது. மீதி 27 எண்களுக்கு அப்படிக் கச்சிதமாக அமையாது, அங்கே கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். முதலில் அந்த 77-ஐ உருவாக்கிப் பாருங்கள், மற்றதை இங்கேயே பேசுவோம்.